காப்பு அவிழும் முன் நடந்த சோதனை

கேரள எல்லையில், கோவிந்தாபுரத்தை அடுத்த எங்கள் ஊரில் மாரியம்மன் கோவில் நிர்வாகத்தைப் பாட்டனார் காலந்தொட்டு எங்கள் குடும்பமே கவனித்து வருகிறது. பொள்ளாச்சியில் பட்டப்படிப்பை முடித்தவன் என்ற முறையில், கோவில் காரியமாயினும் பஞ்சாயத்து மனுவாயினும் ஊரார் என்னிடமே வருவர். தம்பிக்கு நோய் கண்ட சமயத்திலும் நிலைமை அதுவே. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இனி எழுதுவன யாவற்றையும் உடனிருந்து கண்டவன் நான் என்பதே.

தம்பி எங்கள் பெற்றோருக்கு இளைய மகனாக இதே ஊரில் பிறந்தார். தந்தையார் காலமானபோது பள்ளியை நிறுத்திக்கொண்டு வயலில் இறங்கினார். நான் கல்லூரியைத் தொடர்ந்தது அவர் உழைப்பால். வாய்க்கால் தண்ணீருக்காக எவரோடும் அவர் சண்டையிட்டதில்லை. வெற்றிலையும் புகையிலையும் மட்டும் அவரை விடவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்றார். மணத்தக்காளிக் கீரையும் நெய்யும் கொடுத்தோம். மாதங்கள் சென்றும் ஆறவில்லை. வலி காதுவரை ஏறியது. பொள்ளாச்சிக்கு அழைத்துச் செல்ல நான் கார் ஏற்பாடு செய்தபோது, அம்மன் நோன்புக்கு அவர் காப்புக் கட்டிவிட்டிருந்தார். எங்கள் ஊரில் காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

“கார் நிக்குது, ஏறு,” என்றேன்.

“ஏனுங்ணா, காப்புக் கட்டுனவனையே எல்லை தாண்டச் சொல்றீங்க. கோயில் நிர்வாகம் உங்களுதுங்களா, பக்கத்தூர்க்காரனுதுங்களா?” என்று சிரித்தவர், சிரிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லைக்குள்ளேயே சோதித்துப் பார்க்க வழியுண்டா என்று விசாரித்தேன். அப்படி ஒரு வழி தெரிந்தவர் எவரும் இல்லை. தம்பியின் மனைவிதான் கதவோரம் நின்று சொன்னார்: “நம்ம ஹெல்த் சென்டருக்கு வியாழக்கிழமை பல் டாக்டரம்மா வர்றாங்களாமுங்க மாமா. வாயி, தொண்டையெல்லாம் பாத்துச் சொல்லிப்போடுவாங்களாமுங்க.”

எங்கள் வயலில் களையெடுக்க வருவோர் காத்திருக்கும் அந்த ஹெல்த் சென்டர் பெஞ்சில் எங்கள் வீட்டார் அதுவரை அமர்ந்ததில்லை. டாக்டரை வீட்டுக்கு அழைத்தேன். “வீட்டுல வந்து பாக்கான் பற்றில்ல சார், இங்க வரச் சொல்லுங்க,” என்று அந்த மலையாளப் பெண் மறுத்துவிட்டார். தம்பி மஞ்சள் காப்போடு போய் அமர்ந்தார். எங்கள் வயலில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து நிற்கவே, “உக்காரப்பா. இங்க வாயத் தொறக்கறதுக்குத்தான் வரிசை, மருவாதிக்கு இல்ல,” என்றார் தம்பி.

டாக்டர் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். சதை எடுத்துச் சோதிக்க உடனே பாலக்காடு போக வேண்டும் என்றார்.

“காப்ப நான் கட்டிக்கறேன், நீ கெளம்பு,” என்றேன்.

“கட்டுன கைதானுங்ணா அவுக்கோணும்,” என்றார் தம்பி.

நோன்பு முடியும்வரை காத்திருந்து, காப்பை அவிழ்த்த பின்னரே பாலக்காடு சென்றார். புற்றுநோய் கழுத்துவரை இறங்கியிருந்தது. திருச்சூரில் அறுவையும் கதிர்வீச்சும் நடந்தன. “கொஞ்ச மாசம் முன்ன வந்திருந்தா...” என்று பெரிய டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முதலில் பேச்சுப் போயிற்று. பிறகு கஞ்சியும் குழாய் வழியே ஆயிற்று. மனைவியை அழைக்கக் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அந்தச் சத்தமும் ஒரு காலையில் நின்றது.

ரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், திருச்சூரில் தங்க இடம் தந்த சம்பந்தி வீட்டாருக்கும், மறுத்துப் பேசினாலும் தன் கடமையைச் செய்த அந்த டாக்டருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, தொண்டையில் நீங்காத கரகரப்போ கண்ட உறவினர்கள் அந்தப் பெஞ்சுக்குப் போக வேண்டுகிறேன். அங்கே அமர்வதில் எவருக்கும் குறைவில்லை.

காப்புக் கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனதால் அம்மன் கோபித்துத் தம்பியை எடுத்துக்கொண்டாள் என்று சிலர் பேசுவதாக அறிகிறேன். அது தவறு. புண் காப்புக்குப் பல மாதங்கள் முந்தையது. ஹெல்த் சென்டர் ஊர் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. தம்பியின் விரதம் முறியவில்லை.