வேர் பச்சையான காலை

ஆர்க்கிட் செடியின் கடைசிப் பூவும் உதிர்ந்துவிட்டது. "அம்மா, இதத் தூக்கிப் போட்டுரட்டுமா?" என்றாள் மகள். நான் தொட்டிக்கு வெளியே தொங்கிய வெளுத்த வேரில் தண்ணீர் ஊற்றினேன். கண்ணெதிரே அது பச்சையானது.

1940-களில், நான் சிறுமியாக இருந்தபோது, செட்டிகுளத்தில் எங்கள் கிணற்றடி வேம்பிலும் இப்படி ஒரு செடி இருந்தது. அப்பா பச்சைமலையிலிருந்து கொண்டுவந்து தேங்காய் நாரால் கட்டிவைத்தது. அது பூத்தபோது தெருவே வந்து பார்த்தது. அப்பாவின் தங்கை மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமான வருஷமே கணவனை இழந்தவள் அத்தை. "பூத்த செடியத் தொட்டுராத" என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள்.

பூ உதிர்ந்ததும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அத்தை போனாள், தடுக்க ஆளில்லை. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, எலும்பாய் வெளுத்துக் கிடந்த வேரின் மேல் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் பச்சை ஓடியது. நான் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"பாத்தியா புள்ள? செத்துப்போச்சுன்னாங்க. எப்படிக் குடிக்குது பாரு!"

அத்தை சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தினமும் ஊற்றினாள். மறு வருஷம் செடி மொட்டு விட்டது. அன்றே அத்தை செம்பை என் கையில் கொடுத்து, "இனிமே நீ ஊத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் இன்னும் காத்து நின்றாள்.

"இருக்கட்டும்டி" என்றேன். என் கணவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஆனால் இது மொட்டு விட்டாலும் செம்பை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன்.