அக்காவின் முகத்தில் இருந்த சேதி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா என்று கேட்கவும் கேட்பீர்கள். கிடைத்தது. வேண்டுமென்றேதான் இதைப் போட்டிருக்கிறேன்.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய அக்காவின் வலது புறங்கையில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றியது. எதிர்வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் மாஷிமா என்று அழைத்தவர், அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "ஷேத்தி?" என்று கேட்டார். எங்கள் அம்மாவுக்கு வங்காளம் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்த ஊரில் தமிழ் பேச ஓர் ஆள் அகப்பட்டாரே என்று பூரித்துப் போய், "நல்ல சேதிதான்க்கா! என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு" என்றாராம்.

மாஷிமா கேட்டது அந்தப் புள்ளியைப் பற்றி. வங்காளத்தில் அதற்கு அதுதான் பெயர். விஷயம் விளங்கியபோது இருவரும் சிரித்த சிரிப்பை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் சேதி. புதிதாக ஒரு புள்ளி வந்தால், "அம்மா, இன்னொரு சேதி வந்திருக்கு" என்று அக்கா கையை நீட்டுவார்.

தமிழில் அதற்கு வழங்கும் பெயரை அக்கா அந்தத் தம்பியின், அதாவது எங்கள் மாமாவின், கல்யாணத்தில்தான் முதலில் கேட்டார். ஆரத்தித் தட்டைத் தூக்கப் போன சிறுமியை ஓர் உறவுக்காரப் பெண்மணி தடுத்து, "வெண்குஷ்டம் வந்த கையி. தட்டைத் தொடாதட்டி" என்றார். குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தொட்டால் பரவவும் பரவாது. ஆனாலும் அதன்பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்காவுக்குத் தனி டம்ளர்தான். வங்காளிகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் எழுந்து தள்ளிப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வாயில் குஷ்டம் என்ற சொல் வரவில்லை.

அக்காவுக்குக் கல்யாண வயது வந்தபோது சேதி கன்னத்துக்கும் கழுத்துக்கும் ஏறியிருந்தது. மாமா ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்தார். டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோவிலிருந்து ஒரு மேக்கப்காரரையும் ஏற்பாடு செய்தார். அவர் பூசிவிட்டுப் போனபின் எங்களுக்கே அக்காவை அடையாளம் தெரியவில்லை. காப்பித் தட்டை எடுக்கும் முன் அக்கா நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினார். துண்டை நீட்டியவள் நான். அதையும் வாங்காமல், ஈரம் சொட்டச் சொட்டப் போய் நின்றார்.

"இதான் என் முகம். தொட்டா ஒட்டாது. பிடிச்சிருந்தா காப்பி குடிங்க. பிடிக்கலைன்னாலும் குடிச்சிட்டுப் போங்க."

யாரும் குடிக்கவில்லை. அவர்கள் போனதும், "என் மானத்தை வாங்கிட்டியேட்டி" என்று மாமா கத்தினார்.

"பூச்சோட கழுத்தை நீட்டினா ஆயுசுக்கும் நான் முகம் கழுவ முடியாதே, மாமா" என்றார் அக்கா.

பிறகு அக்கா கல்யாணப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. கிடர்பூரில் கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பார்ட்டிகள் வந்துபோகும் இடம் என்று சொல்லி மானேஜர் அக்காவின் மேசையை அலமாரிக்குப் பின்னால் போட்டார். மறுநாள் அக்கா சீக்கிரமே போய் அதை வாசலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மாற்ற, இவர் இழுக்க, இப்படியே நடந்து கடைசியில் மானேஜர்தான் சலித்துப் போனார். லாரிக்காரர்கள் முதல் கஸ்டம்ஸ் அதிகாரிகள் வரை எல்லோரும் அந்த மேசைக்கு வந்து "தீதி", அதாவது அக்கா, என்று நின்றார்கள். ஓய்வு பெறும்வரை அது நகரவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அக்கா முழுவதும் வெள்ளையாகிவிட்டார். அதன்பின் கடைகளில் நாற்காலி போட்டு ஆங்கிலத்தில் உபசரித்தார்கள். "பாதி வெள்ளையா இருந்தப்போ நோய்க்காரி. முழுசா வெள்ளையானதும் மேம்சாகிப் ஆயிட்டேன்ட்டி!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் கோபம்தான் வருகிறது.

கடைசி நாட்களில் சால்ட் லேக்கில் என் வீட்டில் இருந்தார். இருதயம் தளர்ந்தும் பேச்சு தளரவில்லை. ஒரு காலையில், நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர்தான்.

இந்த மலர் தயாரானபோது மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். "கடைசியா எடுத்த படத்தைப் போடும்மா. நல்ல செவப்பா, லட்சணமா இருக்கா. தீராத நோயோட போராடினான்னும் ஒரு வரி எழுதிரு."

"அக்கா போராடுனது நோயோட இல்ல மாமா. மேசைக்கு" என்றேன். மாமா போனை வைத்துவிட்டார்.

அட்டையில் இருப்பது அந்த மேசையில் எடுத்த படம். ஒரு கன்னம் கறுப்பு, ஒரு கன்னம் வெள்ளை. என் அக்கா அதில் அழகாக இருக்கிறார்.

அக்காவைத் தன் பெண்ணாகவே நினைத்த மாஷிமாவின் குடும்பத்தாருக்கும், அலுவலக நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் கையுறை போடாமல் குளிப்பாட்டிய ஆயாவுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கும்தான். தள்ளாத வயதில் விமானம் ஏறி வந்து, எடுக்கும்வரை அக்காவின் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த மலரின் முதல் பிரதி அவருக்கே போகிறது, இதே அட்டையோடு.

நம் வீடுகளில் இனியும் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு புள்ளி வரலாம். அன்று அந்தப் பழைய சொல்லை எடுக்காதீர்கள். இது என்ன என்று பிள்ளை கேட்டால், இந்த அட்டையைக் காட்டி, சேதி என்று சொல்லுங்கள்.

தங்கை,
சால்ட் லேக், கொல்கத்தா