நெருப்பைக் கையில் கொடுத்தவள்

மாரியம்மனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

என் ஊர் விருதுநகர். அப்பா, எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறார். நான் தென்னாப்பிரிக்காவில் படித்து விமானி லைசன்ஸ் வாங்கினேன். லைசன்ஸ் வந்துவிட்டால் வேலை வீடு தேடி வரும் என்று நாங்கள் நம்பினோம். எவ்வளவு வெகுளிகள்! படித்த நாட்டில் அவர்கள் பிள்ளைகளுக்கே முதலிடம். இங்கே ஓட்ட வேண்டுமென்றால் மறுபடி பரீட்சை, மறுபடி பயிற்சி, அதற்கு வீட்டில் தெம்பு இல்லை. மற்ற நாடுகளுக்கு எழுதிப் போட்டால், "எங்கள் நாட்டு லைசன்ஸ் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்விதான் திரும்பி வந்தது.

தீபாவளி சீசனில் அப்பாவின் கம்பெனியில் லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்குக் கிண்டல் அடிக்க ஆள் கிடைத்துவிட்டது. "என்ன பைலட்டம்மா, ராக்கெட்டெல்லாம் ஏத்தியாச்சு, பிளேன எப்ப எடுக்கப் போறீக?" என்பார். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுவேன்.

கார்த்திகையில் ஒரு வெளிநாட்டு கம்பெனி கூப்பிட்டது. விமானத்தின் முன்னறையைப் போலவே செய்திருக்கும் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். தரையை விட்டு எழும்பியதும் எஞ்சினில் தீ என்று மணி அடித்தது. பரீட்சைக்காக அவர்கள் அடிக்கிற மணிதான். அந்த நேரத்தில் அவசரமே கூடாது. விமானத்தை நேராகப் பிடித்து, எந்த எஞ்சின் என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரும் சரி என்ற பிறகுதான் அதை அணைக்க வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் நான் பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் கம்பெனி அறைகளில் நாலு பக்கமும் கதவு இருக்கும், ஓடுவதற்காக. "புகையக் கண்டா கையில இருக்கதப் போட்டுட்டு ஓடிரணும்" என்று அப்பா வேலையாட்களுக்குச் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள். மணி அடித்ததும் மனப்பாடமெல்லாம் பறந்தது. என் கைகள் தாமாகப் பிடியை விட்டன. பதறிப்போய் மறுபடி எட்டிப் பிடித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்துவிட்டேன். பரீட்சை அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேகத்துக்குள் ஓட்டுவதற்கான என் தகுதிச் சான்று அடுத்த ஆனியில் முடிகிறது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் படித்தது அத்தனையும் வீண். சாப்பாடு இறங்கவில்லை. பூஜை அறைப் பக்கம் போகவே வெறுப்பாக இருந்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கொடியேறியது. அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றார்.

"நீ அக்கினிச்சட்டி எடுக்கணும்னு நேந்திருக்கேன் தாயி."

வேலைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நெருப்பால் தோற்றவளை நெருப்பெடுக்கச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. காப்புக் கட்டி விரதம் இருந்தேன்.

அன்று தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். "ஆகோ, அய்யாகோ" என்று ஊரே முழங்கியது. வேப்பிலையை விரித்து என் கையில் சட்டியை வைத்தார்கள். முகத்துக்கு நேரே தீ எழும்பியது. கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. சூடு விரல்களில் ஏறியது. இப்போது போட்டுவிடப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கூடவே நடந்த அம்மா என் காதோடு சொன்னார்.

"போட்றாத. ஓடாத. பாத்து மெல்ல நட. ஆத்தா கூட வாரா."

அதுவரை நான் அம்மனிடம் வேலையைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அன்று வேலை நினைவே வரவில்லை. நான் கையை விடாமல் பார்த்துக்கொள் தாயே என்று மட்டும் கேட்டேன். சூடு குறையவில்லை. பயம்தான் போய்விட்டது. எப்படிப் போனது, எந்த இடத்தில் போனது என்று தெரியாது. கோயில் வாசலில் சட்டியை இறக்கியபோது உள்ளங்கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. தீவுகளுக்கு நடுவே சிறிய விமானங்கள் ஓட்டும் கம்பெனி. அந்த நாட்டின் பரீட்சை ஒன்றை எழுதினால் என் லைசன்ஸ் செல்லுமாம். ஆனால் முதலில் சிமுலேட்டர்.

அதே போல எழும்பினேன். அதே மணி அடித்தது.

உள்ளங்கையில் சட்டியின் சூடு ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், வேப்பிலை வாசம் வந்தது. போட்றாத, ஓடாத. விமானத்தை நேராகப் பிடித்தேன். பார்த்தேன். "இடது எஞ்சின், சரியா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் சரி என்றார். அணைத்தேன். பரிசோதகர் நேராக அடுத்த பயிற்சிக்குப் போனார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வேலை கிடைத்தது. பரீட்சை எழுதினேன், லைசன்ஸை ஏற்றுக்கொண்டார்கள். பழைய சான்று முடிவதற்குள் நான் துணை விமானி. அம்மாவுக்குப் போன் செய்து, நீ வேண்டியபடியே ஆத்தா வேலை கொடுத்துவிட்டாளே என்று அழுதேன். அம்மா சொன்னார்.

"வேலைய நான் கேக்கவே இல்லையே தாயி. எம்பிள்ள நெருப்பப் பாத்துக் கைய விட்ரக் கூடாதுன்னுதான் கேட்டேன்."

இப்போது எனக்குப் பின்னால் தினமும் யார் யாரோ பெற்ற பிள்ளைகள் நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். எழும்பும் முன் ஒருமுறை என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கதவெல்லாம் அடைத்துவிட்டதே என்று தவிப்பவர்கள் அவளிடம் வந்து நில்லுங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் வாருங்கள். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.