பதினேழாவது கட்டு

இது நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அண்ணி கதை விடுகிற ஆள் கிடையாது. சமையலில் உப்பு கூடிப்போனால், நாம் வாயில் வைப்பதற்கு முன்பே "கூடிப்போச்சு" என்று சொல்லிவிடுவாள். டிவியில் பேய்ப் படம் ஓடினால் நடுவில் எழுந்துபோய்த் துணி மடிப்பாள். பதினெட்டு வருடமாக ஒரு பெரிய நூலகத்தில் வேலை. வருகிற புத்தகங்களைப் பதிவுசெய்து பட்டியல் போடுவது அவள் பிரிவு. ஒரு புத்தகத்துக்கு 212 பக்கம் என்று எழுதுவதற்கு முன்னால், கடைசிப் பக்கத்தைத் தானே புரட்டிப் பார்த்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் சொன்னது இது. நான் எதையும் கூட்டவில்லை. நேரங்கள்கூட அவள் சொன்னவைதான்.

அந்த நூலகத்தில் ஒரு பைண்டர் இருந்தார். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவர். நாற்பத்து மூன்று வயது. ஒரே நாளில் பத்து வார்த்தை பேசிவிட்டால் "இன்னைக்கு மழை நிச்சயம்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெளியாள் மாதிரி, தகவல் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

அந்த மேசையில் உட்காருகிறவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவாள். சோப்பு உறையைக்கூட அதை வைத்துத்தான் படிப்பாள். அண்ணியும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டிபன் பாக்ஸ் முதல் தலைவலி வரை எல்லாவற்றிலும் பங்கு. அன்றைக்கு அண்ணியும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"ஒரு போஸ்டர் வேணும் மேடம்," என்றார் பைண்டர்.

"என்ன போஸ்டர்? சினிமாவா?"

"இல்ல. காணவில்லை போஸ்டர்."

அவருடைய அக்கா. அப்போது வயது இருபது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஜூன் பதினான்காம் தேதி காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினாள். திரும்பவே இல்லை. அப்பா ஐநூறு போஸ்டர் அடித்து ஊர் முழுக்க ஒட்டினார். பலனில்லை. அப்பா இப்போது உயிரோடு இல்லை. ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, போட்டோ எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. அம்மா படுத்த படுக்கை.

"அவ முகம் மறந்துபோச்சுடா, உனக்கு ஞாபகம் இருக்கான்னு தினமும் கேக்குறாங்க," என்றார். "இருக்குன்னு சொல்றேன். பொய் மேடம். எனக்கும் மறந்துபோச்சு."

முகம்தான் மறந்திருந்தது. போஸ்டரில் இருந்த வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இடது புருவத்தில் தழும்பு. காணாமல் போன அன்று பச்சை நிற உடை.

அந்த நூலகத்தின் அடித்தளத்தில் நோட்டீஸ் அறை என்று ஒன்று உண்டு. யாரோ ஒரு பழைய நூலகர் ஆரம்பித்து வைத்த பழக்கம். சுவரொட்டி, துண்டு நோட்டீஸ், கண்காட்சி டிக்கெட் என்று கிடைத்ததையெல்லாம் வருடவாரியாகத் துணியில் கட்டி அடுக்கியிருந்தார்கள். பட்டியல் கிடையாது. பைண்டர் தேடிய வருடத்துக்கு மட்டும் இருபத்து மூன்று கட்டுகள். தூசி பட்டால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். அதனால் அண்ணியும் பூதக்கண்ணாடியும் முறை வைத்துக்கொண்டார்கள். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி கீழே போவாள். இன்னொருத்தி மேலே மேசையைப் பார்த்துக்கொள்வாள்.

பத்து நாளில் பதினாறு கட்டு. சர்க்கஸ் வந்தது. தள்ளுபடி விற்பனை வந்தது. காணாமல் போன நாய்கள் மட்டும் நான்கு. அக்கா வரவில்லை. பைண்டர் தினமும் நாலு மணிக்கு வந்து வாசலில் நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். இவர்கள் இல்லை என்று தலையை ஆட்டுவார்கள். போய்விடுவார்.

பதினோராவது நாள். வியாழக்கிழமை. அண்ணியின் முறை.

மணி 2.10. அண்ணி பதினெட்டுப் படி இறங்கினாள். நோட்டீஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஓர் இரும்புக் கதவு. ஒரு டியூப் லைட். நீளமான மேசை. மேசையின் ஓரத்தில் மேலே பேசுவதற்கு ஒரு இன்டர்காம். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரிகள். வரிசை வரிசையாக, இருட்டுக்குள் போய் முடிகிறவை.

மணி 2.20. பதினேழாவது கட்டை அவிழ்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம்.

சர்ர்ர்...

காய்ந்த போஸ்டரைச் சுவரிலிருந்து பிய்த்தால் வருமே, அந்தச் சத்தம். நீளமாக, ஒரே இழுப்பில். பின்னாலிருந்து வந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த அறைச் சுவரில் ஒரு போஸ்டர்கூட ஒட்டியிருக்கவில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மணி 2.31. கிடைத்துவிட்டது.

காணவில்லை. தடித்த எழுத்து. கீழே பைண்டர் ஒப்பித்த அதே வாசகம். ஜூன் பதினான்கு. ஐந்தடி ஒரு அங்குலம். புருவத்தில் தழும்பு. பச்சை நிற உடை. அண்ணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள்.

படத்தில் இருந்தது ஒரு பெண்ணின் பின்தலை.

ஒற்றைப் பின்னல். கழுத்து. அவ்வளவுதான். காணாமல் போனவளைத் தேடுகிற போஸ்டரில் யாராவது முதுகைப் போடுவார்களா? அச்சகத்தில் ஏதோ குளறுபடி என்று நினைத்துக்கொண்டாள். பதினோரு நாள் தேடி, முகம் இல்லாத படத்தையா அந்த மனிதரிடம் கொடுப்பது? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எடுத்தாள். அடியில் இன்னொன்று. அதே போஸ்டர். அதே எழுத்து.

படம் மட்டும் அதே இல்லை. தலை கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு காது தெரிந்தது.

மூன்றாவது. கன்னம் தெரிந்தது.

சர்ர்ர்...

இந்த முறை பக்கத்தில்.

நான்காவதை எடுத்தபோது விரல் ஒட்டியது. காகிதத்தின் பின்னால் பசை. ஈரப் பசை. இப்போதுதான் வாளியிலிருந்து எடுத்துத் தடவிய மாதிரி... படத்தில் இடது புருவத்தின் நுனி. அதில் தழும்பு.

இன்டர்காம் அலறியது. மணி 2.36.

"என்னடி, கிடைச்சுதா?" பூதக்கண்ணாடி.

"ம்."

"கூட யாரு இருக்கா?"

"யாருமில்லையே. ஏன்?"

"யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி கேக்குதே. கா... ண... வி... ன்னு."

அண்ணி ரிசீவரை வைத்துவிட்டாள். காதைக் கூர்மையாக்கினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. தன் மூச்சு மட்டும்.

இல்லை. தன் மூச்சு மட்டும் இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டேன். "கை நிக்கல. புரட்டிக்கிட்டே இருந்துச்சு," என்றாள்.

ஐந்தாவது. பாதி முகம்.

ஆறாவது. முக்கால் முகம்.

ஏழாவது.

முழு முகம். நேராக. இருபது வயதுப் பெண். வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆனால் கண்கள் அண்ணியைப் பார்க்கவில்லை.

அண்ணியின் வலது தோளுக்கு மேல்... பின்னால்... எதையோ பார்த்தன.

பயந்துபோய்ப் பார்த்தன.

அண்ணி திரும்பவில்லை.

"ஏன் அண்ணி?"

"அவ கண்ணு திரும்பாதேன்னு சொல்லுச்சு."

ஏழாவது போஸ்டரை மட்டும் எடுத்தாள்.

எழுந்தாள்.

கதவு எதிரில்தான். பத்தடி.

சர்ர்ர்...

காதுக்குப் பக்கத்தில்.

ஓடவில்லை. நடந்தாள். கதவு. படி. ஒன்று. இரண்டு...

பதினெட்டு.

மணி 2.41.

அவளைப் பார்த்ததும் பூதக்கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "என்னடி இது, முகத்துல ரத்தமே இல்ல." அண்ணி போஸ்டரை மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். மூன்று முறை சோப்புப் போட்டும் விரலில் பசை போகவில்லை.

மூன்று மணிக்கு வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கீழே போனார்கள். லைட் எரிந்துகொண்டிருந்தது. கட்டு மேசை மேல் அவிழ்ந்தபடியே கிடந்தது. ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார்கள். சேலை விற்பனை, பாட்டுப் போட்டி, நாய். மற்ற ஆறு போஸ்டர்களும் இல்லை. அலமாரிகளுக்கு நடுவில் வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். யாருமில்லை. கதவு ஒன்றுதான். அந்த அரை மணி நேரமும் பூதக்கண்ணாடி கீழே போகிற படியைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைத் தவிர யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மேலே வந்து போஸ்டரை மறுபடி பார்த்தாள் அண்ணி. பழுத்த, காய்ந்த காகிதம். பின்னால் பசை இல்லை. படத்தில் அந்தப் பெண் நேராகப் பார்த்தாள். சாதாரண ஸ்டூடியோ போட்டோ மாதிரி.

நாலு மணிக்குப் பைண்டர் வாசலில் வந்து நின்றார். இந்த முறை இவர்கள் தலையை ஆட்டவில்லை. போஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. இவதான்," என்றார். "மூக்கு எங்க அம்மா மூக்கு. எப்படி மறந்தேன்?"

அண்ணி கீழே நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

மேலதிகாரியிடம் பேசி, வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கிக் கொடுத்தார்கள். காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்ததால் பைண்டரே அதன் பின்பக்கம் துணி வைத்து ஒட்டினார். அதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, பூதக்கண்ணாடி இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டாள். அன்று இரவு பைண்டரின் அம்மா எதுவும் கேட்கவில்லையாம். படத்தின் கன்னத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனார்களாம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து அந்த ஸ்கேனைப் பதிவில் ஏற்ற உட்கார்ந்தாள் பூதக்கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் அண்ணியைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"பின்பக்கத்தைப் பாரு."

மூலையில் மங்கலாக ஒரு முத்திரை. நூலகத்துக்கு எது வந்தாலும், வந்த அன்றே பின்னால் தேதி முத்திரை குத்துவார்கள். அன்றும் இன்றும் அதுதான் வழக்கம். அண்ணி அவள் கழுத்திலிருந்த கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தாள்.

ஜூன் 9.

அதே வருடம்.

அக்கா காணாமல் போனது பதினான்காம் தேதி. காணவில்லை என்று சொல்கிற போஸ்டர் ஐந்து நாள் முன்னாலேயே நூலகத்துக்கு வந்திருக்கிறது. தேதியோடு. உடையின் நிறத்தோடு.

முத்திரை தவறாக விழுந்திருக்கும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அந்த வருடத்து வரவுப் பதிவேட்டைப் பீரோவிலிருந்து எடுத்தார்கள். ஜூன் மாதம். ஒன்பதாம் தேதி. நான்காவது வரி.

சுவரொட்டி. ஒன்று.

கொடுத்தவர் கையெழுத்து என்ற கட்டத்தில், நீல மையில், சின்னச் சின்ன எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். போஸ்டரில் இருந்த அதே பெயர்.

இரண்டு பேரும் அந்த வரியையே மறுபடி மறுபடி படித்தார்கள். பக்கத்தில் ஆள் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

பைண்டர். தைக்கிற நூல் தீர்ந்துபோயிருந்தது, கேட்க வந்திருந்தார். அவர் பார்வை பதிவேட்டின் மேல் விழுந்தது. குனிந்தார். முகம் மலர்ந்தது.

"எங்க அக்கா கையெழுத்தாச்சே, மேடம். இது எப்படி உங்க நோட்டுல வந்துச்சு?"

அண்ணி தேதிக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.