உண்ணி பொறுக்கும் மைனா

மிருகக்காட்சிசாலையில் புலிக்கூண்டு கழுவுகிறவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். எந்தப் பூட்டையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அன்று, யார் சமைப்பது என்று மனைவியோடு போனில் சண்டை. அந்தச் சூட்டில் உள்ளறைக் கதவைச் சாத்தியவர், பூட்ட மறந்து கூண்டைக் கழுவ இறங்கிவிட்டார். உள்ளறையில் படுத்திருந்த புலியின் முதுகில் மைனா வழக்கம்போல உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று அது கம்பி வழியே பறந்து வந்து அவருடைய வாளியில் உட்கார்ந்தது.

"என்னடி, உன் சாப்பாட்டுத் தட்டு எழுந்திரிச்சிடுச்சா?" என்று கேட்டவர் சட்டென்று குனிந்து பார்த்தார். உள்ளறைப் பூட்டு அவர் இடுப்பிலேயே தொங்கியது.

ஓடாமல் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறி, கூண்டின் வெளிக்கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டினார். உள்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த புலி, வாளியை மோந்து பார்த்தது.

பூட்டை நான்காவது முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"ராத்திரிக்கு நானே சமைக்கறேம்மா."