பொட்டல மீன்

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக யாரும் சித்தப்பாவின் பேச்சையே எடுக்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அவரோ தன் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்த தெலுங்குக்காரப் பெண்ணை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டுவிட்டார். கடைசியில் அப்பாதான் மனமிறங்கி, புதிதாக வாங்கிய செல்போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிட வரச் சொன்னார். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஒழுங்காக நடந்தால் போக்குவரத்து உண்டு, இல்லாவிட்டால் இதோடு சரி என்று என் காதுபடவே சொன்னாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

சித்தி வெறுங்கையோடு வரவில்லை. வெளிநாட்டு இஞ்சினியர்களுக்குச் செய்யும் மீனை எங்களுக்கும் செய்துதருகிறேன் என்று, கிருஷ்ணகிரி டேம் ஜிலேபி மீனும் ஒரு சுருள் சில்வர் பேப்பருமாக வந்தாள். கடல்மீன் தின்று வளர்ந்த அம்மா, சேற்று நாற்றம் அடிக்குமே என்று முகத்தைச் சுளித்தாள். சித்தி அதற்கும் சிரித்தாள். மசாலா தடவி, வெங்காயம் தக்காளி வைத்து, ஒவ்வொரு மீனையும் காற்றுப் புகாமல் மடித்துத் தோசைக்கல்லில் அடுக்கினாள். உள்ளே அடைபட்ட ஆவியிலேயே வெந்துவிடுமாம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குப் பயந்து காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. யாரும் சொல்லாமலேயே சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பி, அடுப்படியில் தனியாக நின்ற என்னிடம் சொன்னாள்.

"பாப்பா, தீயொத்து!"

அவசரத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வரும். பிரிக்காதே என்று அர்த்தம். ஓசூரில் தெலுங்கு சகஜம், என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். தெற்கத்திப் பிள்ளையான எனக்கோ 'தீயுது' என்றுதான் காதில் விழுந்தது. ஐயோ, மீன் தீயுதே என்று பதறி அடுப்பை அணைத்தேன். கை சுடச்சுட எல்லாப் பொட்டலத்தையும் பிரித்தேன். எதுவும் தீயவில்லை, மீன்கள் பூசிய மசாலாவோடு அப்படியே கிடந்தன. பயந்துபோய் மறுபடி எப்படியோ சுருட்டி வைத்தேன்.

அடுப்பு அணைந்திருந்ததைப் பார்த்த அம்மா, ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் சோற்றோடு தட்டில் எடுத்து வைத்தாள். சித்தி குடத்தோடு உள்ளே வருவதற்குள் அப்பா ஒன்றைப் பிரித்துவிட்டார். நடுமுள்ளை ஒட்டி ரத்தம். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு மீனைக்கூட வேக வைக்கத் தெரியலையே" என்று அம்மா சித்தப்பாவிடம் சொன்னாள்.

சித்தி கசங்கிய சில்வர் பேப்பரை விரலால் நீவிப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதாங்க்கா. அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு. என் சாமர்த்தியத்தில் பெருமை வேறு. அதன்பிறகு அவர்கள் வரவில்லை, அம்மா கூப்பிடவும் இல்லை. சித்தப்பா பெங்களூருக்கு மாறிப்போனதையும் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டோம்.

முதல் நாளே வீட்டுப் பிள்ளைமேல் பழி போட்டவள் என்பதைவிட, சமைக்கத் தெரியாதவள் என்ற பேரே தேவலை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு கணம் என்னைத்தான் பார்த்தாள். சோறு போதுமா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, போதும் என்று தலையாட்டினேன்.