ரவியா, பத்மநாதனா?

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வசனத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது... போன கிழமை எழுதியதையே இந்தக் கிழமையும் எழுதிவிடுவேனோ என்று பயம். எழுதினால் பத்திரிகை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவருக்கு அதற்குத்தானே சம்பளம்!

ஆனால் இது மறக்கக்கூடிய விஷயம் இல்லை. போன ஞாயிறு பின்னேரம், லண்டன் வெம்பிளியில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது.

எங்கள் வீடு என்றால் என் தம்பி சிவலிங்கத்தின் வீடு. நான் மேல் அறையில் இருக்கிறேன். தம்பி கடை வைத்திருக்கிறான். மிச்ச நேரத்தில் நம்மவர்களின் கிரிக்கெட் கிளப் ஒன்றின் கமிட்டியில் இருக்கிறான். கிளப்பில் அணி இரண்டு. பெரிய ரீம் ஒன்று, அதற்குக் கீழே பெடியன்களின் ரீம் ஒன்று. பெரிய ரீமில் ஒருவர் முழங்காலைப் பழுதாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஓர் இடத்துக்குக் கீழேயிருந்து யாரை ஏற்றுவது?

முடிவு செய்ய வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் தம்பி. மற்றவர் அருளப்பு மாஸ்டர். மன்னாரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே பென்ஷனில் இருக்கிறார். இரண்டு பேரும் வருஷக்கணக்காக நண்பர்கள். அதனால்தான் இவ்வளவு சண்டை.

இதற்குள் வந்து சேர்ந்தான் கண்ணன். என் தங்கையின் மகன். ரொறொன்ரோவிலிருந்து லீவில் வந்தவன். அவனுக்குக் கிரிக்கெட் மறந்துவிட்டது. பேஸ்போல் பைத்தியம்.

"பெரியம்மா, அங்கை பெரிய ரீமுக்குக் கீழை நாலைஞ்சு சின்ன ரீம் இருக்கும். அதிலை விளையாடுற பெடியளை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு வரிசைப்படுத்துவினம். ஆர் மேலை வருவான், ஆர் வரமாட்டான் எண்டு நாங்கள் வின்ரர் முழுக்கச் சண்டை பிடிப்பம்."

"அந்தச் சண்டையிலை வெண்டால் என்ன தருவினம்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் சண்டை?"

"சும்மாதான் பெரியம்மா!"

சும்மா சண்டை பிடிப்பதற்குக் கனடா வரை போக வேண்டுமா? வெம்பிளியிலேயே செய்யலாமே. செய்தார்கள்.

கண்ணனின் திட்டம் இதுதான். தம்பியும் மாஸ்டரும் தனித்தனியாகப் பெடியன்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலாவதுக்குக் கூடிய புள்ளி, அடுத்ததுக்குக் கொஞ்சம் குறைய... இப்படி. இரண்டையும் கண்ணன் கூட்டுவான். கூட்டினால் நியாயம் தானாக வந்துவிடும் என்றான். கூட்டினால் நியாயம் வருமா? கூட்டுத்தொகைதான் வரும்.

நான் தேத்தண்ணியோடு போகும்போது அறை சூடேறியிருந்தது.

"ரவியைப் போலை மட்டை பிடிக்கிற பெடியன் இந்த நோர்த் லண்டனிலை இல்லை மாஸ்டர்," என்றான் தம்பி.

"இருக்கட்டும். பந்து போடுவானோ?"

"அவன் ஏன் போடோணும்?"

"பத்மநாதன் போடுற பந்து எந்தப் பக்கத்தாலை போனதெண்டு மற்றவனுக்கு அடுத்த நாள்தான் விளங்கும். அவன்தான் முதலாவது. உம்மட ரவியை நான் பத்துக்குள்ளையும் போடன்."

"உங்கட பத்மநாதன் மட்டையைத் தொட்டதை ஆரும் கண்டவையோ? நானும்தான் அவனைப் போடன்!"

"உம்மட ரவி பத்மநாதன்ரை ஒரு ஓவரைத் தாங்குவானோ?"

"தாங்கிறதோ? முதல் பந்தே வேலிக்கு அங்காலை போகும்!"

"விட்டுப் பாப்பம், நேருக்கு நேர்!"

"பாப்பம்!"

நான் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு வாசலடியில் நின்றேன். ஆம்பிளைகள் கதைக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கில்லை. எழுதுகிறபோதுதான் திறப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்டர் சனிக்கிழமை கிரிக்கெட் மச்சுக்கு மட்டும்தான் போவார். அது வெள்ளைக்காரர்களின் லீக். ஞாயிறு அவருக்குப் பூசை, பாடற்குழு, பங்குக் கூட்டம். தம்பிக்கு நேர்மாறு. சனி கடையை விட்டு அசைய ஏலாது. ஞாயிறு நம்மவர்கள் தங்களுக்குள் விளையாடுவதை மட்டும்தான் பார்ப்பான். இரண்டு நாளும் போகிறவர் பெடியன்களின் கப்டன் ஒருவர்தான். அவர் கலியாண வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தார்.

கண்ணன் கூட்டி முடித்தான். முதலாவது யார் தெரியுமா? ஜெயந்தன்! இரண்டு பேருமே அவனை இரண்டாவதாகப் போட்டிருந்தார்கள். அவனைத் தூக்கிப் பிடிக்கவும் ஆளில்லை, குத்திக் கதைக்கவும் ஆளில்லை. கமிட்டிகளில் மேலே வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அநேகம் பேர் இப்படித்தான் வந்திருப்பார்கள்.

அடுத்த இடத்தில் ரவியும் பத்மநாதனும் சரிசமன். அதற்கும் சண்டை! கடைசியில் கண்ணன் ஒரு காசைச் சுண்டினான். ரவி இரண்டாவது. பத்மநாதன் மூன்றாவது. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே போனை எடுத்து ஜெயந்தனின் தகப்பனுக்குச் செய்தி சொல்லிவிட்டான். அவர்தான் கிளப்புக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுப்பவர். நல்ல மனிதர். ஆனாலும் கொடுத்த செய்தியைத் திருப்பி வாங்க முடியாத மனிதர்.

அப்போதுதான் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் ஒரு பெண். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். குளிர் விட்ட பிறகும் தடித்த கோட். கனடா எட்மண்டன் இல்லை, இங்கே லண்டன் எட்மண்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பெயர் தவமணி என்றாள். லோண்டரியில் வேலை. கூட்டிக்கொண்டு போய் முன்னறையில் இருத்தினேன். கதிரையின் நுனியில்தான் இருந்தாள்.

"ஆர் பிள்ளை நீங்கள்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நான் பத்மநாதன்ரை மனுசி."

மாஸ்டரின் கையிலிருந்த தேத்தண்ணி அவருடைய கோட்டிலேயே ஊற்றுண்டது.

"மனுசியோ? பெடியனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ!"

தம்பி விடுவானா? "பாத்தியளோ மாஸ்டர், உங்கட ஆள் உங்களுக்கும் சொல்லேல்லை!" என்றான்.

தவமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பெடியன்? பத்மநாதன் என்ரை அவர். ஊரிலை இருக்கிறார். இஞ்சை விளையாடுறது என்ரை மகன். ரவி."

கண்ணன் தன் பேப்பரைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், பிறகு குனிந்து தோள் குலுங்கச் சிரித்தான்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? நமக்குச் சேர்நேம், அதாவது குடும்பப் பெயர், கிடையாது. பாஸ்போட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிடும். வெள்ளைக்காரன் அதைத்தான் கூப்பிடுவான். என்னை ஆஸ்பத்திரியில் என் மனுசனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் போய்ப் பல வருஷம். நானும் எழும்பிப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன்.

பெடியன் இந்த வருஷம்தான் கிளப்புக்கு வந்தவன். சனிக்கிழமைகளில் பத்மநாதன். பந்து போடுவான், புதியவன் என்பதால் மட்டை பிடிக்கக் கடைசியாகத்தான் விடுவார்கள், அதற்குள் மச் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரவி. முதலில் இறங்கி அடிப்பான். பந்தை மட்டும் தொட விடமாட்டார்கள். நம்முடைய மூத்த ஆட்கள் பந்தைக் கையில் எடுத்தால் இலேசில் கொடுப்பார்களா?

தவமணி மெதுவாகக் கேட்டாள். "இண்டைக்கு முடிவெண்டு மகன் சொன்னவன். எத்தினையாவதாய்ப் போட்டிருக்கிறியள்?"

"ரெண்டாவது," என்றான் தம்பி.

"மூண்டாவது," என்றார் மாஸ்டர்.

"அதென்ன... ரெண்டோ, மூண்டோ?"

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எதெண்டாலும் பரவாயில்லை. முதலாவதாய் வந்தால் விளையாடு, இல்லாட்டி விட்டிட்டு வேலைக்குப் போ எண்டு நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன். பெற்றோல் ஷெட்டிலை சனி ஞாயிறு ஷிப்ட் இருக்குதாம். நாளைக்குக் காலமை சொல்லோணும். தகப்பனை இஞ்சை கூப்பிட ஏஜென்சிக்குக் காசு கட்ட வேணும்... அதுதான் நேரிலை சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

எழும்பிவிட்டாள். கோட்டைக் கழற்றவே இல்லை.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டது போட்டதுதானே... ஜெயந்தன்ரை தகப்பனுக்கும் சொல்லியாச்சு. இனி என்ன செய்யிறது?" என்று கம்பளத்தைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "ஒரு பிள்ளையை ரெண்டாய்க் கிழிச்சுப்போட்டு, ரெண்டும் காணாது எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் முகம் சுட்டது. ஆனால் கேட்டது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்லுவேன்.

"அக்கா!" என்றான் தம்பி.

"அக்கா சொல்லுறதுதான் கணக்கு," என்றார் மாஸ்டர். கோட்டைத் துடைத்துக்கொண்டே போய் போனை எடுத்தார். "நீர் எடுத்துச் சொன்ன செய்தியை நான் எடுத்து மாத்துறன். பேச்சு விழுந்தால் எனக்கு விழட்டும்."

ஜெயந்தனின் தகப்பனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். தவமணி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மாஸ்டரின் முகம் மாறியது. "ஓம்... ஓமோம்... மகனிட்டைக் குடுங்கோ," என்றார். ஜெயந்தன்தான் போனை வாங்கியிருக்கிறான். அவன் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அங்கிள், ரவியை விட்டிட்டு என்னை ஏன் எடுத்தனீங்கள்? நான் அப்பவே டாடியிட்டைச் சொன்னனான், அது பிழை எண்டு. அவன் என்னை நெற்ஸ் பயிற்சியிலை ஒவ்வொரு நாளும் அவுட் ஆக்கிறவன்!"

பாருங்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யார் முதலாவது, யார் இரண்டாவது என்று அவர்கள் தங்களுக்குள் எப்போதோ முடிவு கட்டியாயிற்று. நாம் யாரும் கேட்கவில்லை. நிறுத்துப் பார்த்தோம், கூட்டிப் பார்த்தோம், காசு சுண்டிப் பார்த்தோம். "தம்பி, உன்ரை பேர் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்க நேரம் வரவில்லை.

கண்ணன் புதுப் பேப்பர் எடுத்தான். "அன்ரி, முதலாவது உங்கட மகன்தான். எந்தப் பேரை எழுத? ரவியோ, பத்மநாதனோ?"

தவமணி திரும்பி வந்து இருந்தாள். இந்த முறை கதிரையில் முழுதாக.

"பத்மநாதன் எண்டே எழுதுங்கோ தம்பி. அவருக்குக் கடிதத்திலை எழுதலாம், உங்கட பேரைச் சொல்லி வெள்ளைக்காரர் கை தட்டுகினம் எண்டு." பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மனுசன் நம்பாது. பந்து வாறதைக் கண்டால் வேலிக்குப் பின்னாலை ஒளிக்கிற ஆள்!"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர்தான் பலத்துச் சிரித்தார். வென்றது தன்னுடைய ஆள் என்று தம்பியிடம் சொல்லவும் மறக்கவில்லை. "பேர்தானே உங்கட. பெடியன் என்ரை பெடியன்," என்றான் தம்பி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

பெற்றோல் ஷெட்? அதையும் சொல்லிவிடுகிறேன். பெடியன் கிழமை நாளில் பின்னேர ஷிப்ட் எடுத்திருக்கிறான். சனி ஞாயிறு ஷிப்டைவிடச் சம்பளம் குறைவுதான். தவமணி ஒத்துக்கொண்டாள். தகப்பன் வருவது கொஞ்சம் பிந்தும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒத்துக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்கு எழுத வேறு வசனம் வரவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை நானும் மச்சுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தரம்! புல்லில் கம்பளி விரித்துத் தவமணிக்குப் பக்கத்தில் இருந்தேன். பெரிய ரீமில் பெடியன் பந்து போட்டான். ஒரு வெள்ளைக்காரரின் விக்கெற் கட்டை பறந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழும்பி நின்று கத்தினார்கள். "வெல் போல்ட், பத்மநாதன்!" பெயரை உடைத்து, நசித்து, மூக்கால் சொன்னார்கள். இருந்தாலும் அது அந்தப் பெயர்தான். தவமணி என் கையைப் பிடித்தாள். பெடியனைப் பார்க்கவில்லை. கத்தியவர்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் வென்றார்கள் என்றுதான் ஞாபகம். எதிர் ரீம் எந்த ஊர், பெடியன் எத்தனை விக்கெற் எடுத்தான், மட்டை பிடித்தானா இல்லையா — ஒன்றும் நினைவில் இல்லை. அங்கே இருந்த யாராவது சரிபார்த்து ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெயரை எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று மட்டும் தேடவேண்டாம்... அதைத் தவமணி எண்ணி வைத்திருக்கிறாள்.